கையில் நரம்பு தீரும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள்

"கையில நரம்பு கிடைக்கிற வரைக்கும் போர்ட் எதுக்கு?"

இந்த ஓராண்டில் இதை ஏழெட்டுப் பேர் சொல்லக் கேட்டுவிட்டேன். அவர்களில் மருத்துவர்கள் உண்டு, செவிலியர்கள் உண்டு, எங்கள் வீட்டுப் பெரியவர்களும் உண்டு. அத்தனை பேரும் என் தங்கை மகள்மீது அக்கறை கொண்டவர்கள். அக்கறையோடு சொல்லப்படுவதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அதனாலேயே இந்தக் கருத்து வார்டுக்கு வார்டு, வீட்டுக்கு வீடு கேள்வியில்லாமல் உலவுகிறது. இது தவறான கருத்து என்று நினைக்கிறேன். ஏன் என்று விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவளுக்குப் பதினொரு வயது. நோய் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். வானகரத்தில் பைபாஸ் சாலைக்கு அருகே ஒரே தெருவில்தான் தங்கை வீடும் என் வீடும். இரண்டு வயதில் பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று சொல்லி ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்தார்கள். பிறகு வீசிங் என்றார்கள். நெபுலைசர் வாங்கினோம். ஐந்து வயதில் வேலூருக்கு அழைத்துப் போய் வியர்வைப் பரிசோதனை செய்த பிறகே நோயின் பெயர் தெரிந்தது. வியர்வையில் குளோரைடு 60-ஐத் தாண்டினால் இந்த நோய் என்பது கணக்கு. அவளுக்கு அதைவிட வெகுவாகக் கூடுதலாக இருந்தது. "குழந்தைய முத்தம் கொடுத்தா உப்புக் கரிக்குது அண்ணா" என்று தங்கை முன்பே சொல்லியிருக்கிறாள். சென்னை வெயிலில் எந்தக் குழந்தையைத்தான் முத்தமிட்டால் உப்புக் கரிக்காது என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிலை இன்றும் மறக்க முடியவில்லை.

1989-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு மரபணுவில் இருக்கும் பழுதுதான் இந்த நோய். உடம்பின் செல்களில் உப்பு போய்வரும் வாசல் ஒன்று சரியாகத் திறப்பதில்லை. அதனால் நுரையீரலில் சளி பசைபோல் கெட்டியாகிறது. அந்தச் சளியில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் குடியேறிவிட்டால் வாய்வழி மருந்து பல நேரம் போதாது. ஊசிவழி ஆன்டிபயாட்டிக் வேண்டும். ஒன்று மூன்று வேளை, மற்றொன்று ஒரு வேளை, வழக்கமாக 14 நாள். கூட்டிப் பார்த்தால் ஒரு தவணைக்கு 56 முறை மருந்து ஏற்ற வேண்டும். சென்ற ஆண்டு அவளுக்கு மூன்று தவணை நடந்தது.

இதில் போர்ட் எங்கே வருகிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ரூபாய் நாணயத்தின் அகலமும் விரல் தடிமனும் உள்ள ஒரு சிறு கிண்ணம். டைட்டானியத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்தது. மேல்பக்கம் சிலிக்கோன் மூடி. காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் அதை வைத்துத் தைத்துவிடுவார்கள். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கழுத்து வழியாக இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய ரத்தக் குழாய்க்குப் போகும். மருந்து ஏற்றும்போது ஹ்யூபர் ஊசி என்ற தனிவகை ஊசியைத் தோல் வழியாக அந்த மூடியில் குத்துவார்கள். ஒரு ஊசி ஒரு வாரம் தாங்கும். தவணை முடிந்ததும் ஊசியை எடுத்துவிடலாம். வெளியே எதுவும் தெரியாது. 1982-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் புற்றுநோயாளிகளுக்குப் பயன்படுத்தி எழுதிய கட்டுரை மூலம் இது மருத்துவ உலகுக்கு அறிமுகமானது. நம் ஊரில் இன்றும் 'கீமோ போர்ட்' என்றால்தான் எல்லோருக்கும் புரியும்.

இந்தப் பெயர்தான் முதல் தடை. "போர்ட் வரைக்கும் போயிடுச்சா?" என்று கேட்கும் குரலில் துக்கம் விசாரிக்கும் தொனி இருக்கிறது. போர்ட் வைத்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருள், ஆகவே முற்றும்வரை வைக்கக் கூடாது என்ற தர்க்கம். காரணத்தையும் காரியத்தையும் மாற்றிப் போட்ட தர்க்கம் இது. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் போர்ட் சொல்வதில்லை. எத்தனை முறை ஊசிவழி மருந்து தேவை, கையில் எத்தனை நரம்பு மிச்சம் என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் அது பதில். (மருத்துவப் பாடத்தில் நரம்பு வேறு, சிரை வேறு. ஆனால் எந்த வார்டிலும் 'சிரை கிடைக்கல' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நானும் நரம்பு என்றே எழுதுகிறேன்.)

சிறுநீரக மருத்துவர்களிடம் போய்ப் பாருங்கள். கிரியாட்டினின் ஏறத் தொடங்கியதுமே "இடது கையில யாரையும் ஊசி போட விடாதீங்க, ரத்தம்கூட எடுக்க விடாதீங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். டயாலிசிஸ் தேவைப்படுவதற்குப் பல மாதம் முன்பே கையின் ரத்தக் குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா அறுவை செய்து, அது பழுக்கக் காத்திருக்கிறார்கள். "ஃபிஸ்டுலா வரைக்கும் போயிடுச்சா, நரம்பு தீரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று எந்தச் சிறுநீரக மருத்துவராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நரம்பு என்பது செலவழித்தால் திரும்ப வராத சொத்து என்று அந்தத் துறைக்குத் தெரியும். அம்பத்தூரில் ஆட்டோ ஓட்டுகிற ஒரு டயாலிசிஸ் நோயாளிக்குத் தெரிந்த இந்தச் செய்தி, வாழ்நாளெல்லாம் ஊசிவழி மருந்து வேண்டிய ஒரு குழந்தையின் விஷயத்தில் ஏன் மறந்துபோகிறது?

இந்தக் குழந்தைகளுக்கு நரம்பின் தேவை இன்னும் கூடுதல். இவர்களுக்கு அடிக்கடி கொடுக்கும் அமினோகிளைகோசைடு வகை மருந்துகள் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடியவை. வயது ஏற ஏற இவர்களில் பலருக்கு இந்த நோயின் விளைவாகவே சர்க்கரை நோய் வருகிறது. சிலருக்கு ஒருநாள் நுரையீரல் மாற்று அறுவையும் தேவைப்படலாம். பதினொரு வயதில் இரண்டு கைகளின் நரம்பையும் தீர்த்துவிட்டு முப்பது வயதில் எதை வைத்துக்கொண்டு நிற்பாள்?

அவளுக்குக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். தாய்மாமன் மடி. ஒரு குத்து, ஒரு அழுகை, வாயில் சர்க்கரை, முடிந்தது. அதன்பிறகு அவளை நான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஊசிகளுக்குக் கணக்கு வைத்திருப்பவள் தங்கை. பள்ளி நோட்டு ஒன்றில் எழுதி வருகிறாள். கடைசித் தவணையில் 14 நாளில் ஒன்பது வென்ஃப்ளான் (கை நரம்பில் செருகும் சிறு குழாய்). அந்த ஒன்பதைப் போட 23 குத்து. ஐந்தாவது நாள் இரவு ட்ரிப்ஸ் அவுட் ஆகி கை முழங்கைவரை வீங்கியிருந்தது. அழுதால் இன்னும் குத்துவார்கள் என்று பயந்து குழந்தை யாரையும் எழுப்பாமல் படுத்திருந்தாள். எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. அங்கிருந்த சிஸ்டர்கள் தங்களால் முடிந்த அளவு பொறுமையாகத்தான் செய்தார்கள். அந்தக் கையில் யார் செய்தாலும் அப்படித்தான் நடந்திருக்கும்.

போர்ட்டைத் தள்ளிப்போடச் சொல்பவர்கள் இந்த 23 குத்தை 'வலி' என்ற கணக்கில் மட்டும் எழுதுகிறார்கள். வலி கடந்து போய்விடும், குழந்தை மறந்துவிடும் என்கிறார்கள். நடப்பது வேறு. இந்தத் தவணைக்கு முன்பு அவளுக்கு இருமல் கூடி, எடை குறைந்து, ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது. அட்மிஷன் வேண்டும் என்று தங்கைக்குத் தெரியும். ஆனாலும் பத்து நாள் தள்ளினாள். மாத்திரையிலேயே சரியாகிவிடாதா என்று பார்த்தாள். நானும் சரி என்றேன். குழந்தையும் "எனக்கு ஒண்ணும் இல்ல மாமா, இருமலே வரல" என்று இருமலை அடக்கிக்கொண்டு பொய் சொன்னாள். மூன்று பேரும் சேர்ந்து அந்த வென்ஃப்ளானுக்குப் பயந்துதான் ஓடினோம். 2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இப்படி நோய் கூடி ஊசிவழி மருந்து எடுத்த சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளில் நான்கில் ஒருவர், முன்பிருந்த நுரையீரல் திறனில் 90 விழுக்காட்டைக்கூட மூன்று மாதத்துக்குள் திரும்ப எட்டவில்லை என்று காட்டியது. மருந்து எடுத்த பிறகே இந்த நிலை. பத்து நாள் பயத்தில் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? ஊசிப் பயம் நுரையீரலைத் தின்னும். 'கையில் நரம்பு கிடைக்கிறதே' என்பவர்களின் கணக்கில் இந்த நஷ்டம் எந்த வரியிலும் ஏறுவதில்லை.

அடுத்து, தொற்று. "நெஞ்சுக்குள்ள நிரந்தரமா ஒரு சாமான வச்சா கிருமி உட்காராதா?" நியாயமான கேள்வி, பதிலும் இருக்கிறது. ரத்தக் குழாய்க்குள் வைக்கும் கருவிகளைப் பற்றிய 200 ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் ஒரு கட்டுரை வந்தது. கருவி உடம்பில் இருக்கும் ஆயிரம் நாளுக்கு எத்தனை ரத்தத் தொற்று என்று எண்ணினார்கள். கையில் போடும் சாதாரண வென்ஃப்ளான் வகைக்கு 0.5. உள்நோயாளிகளுக்கு மேல்கை வழியாகப் போடும் நீள்குழாயான பிக் லைனுக்கு 2.1. போர்ட்டுக்கு 0.1. காரணம் எளியது. ஊசி குத்தாத நாள்களில் போர்ட்டின்மேல் மூடிய தோல் இருக்கிறது, அதைவிட நல்ல கட்டு எது? 2021-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தது. பிக் லைன் வைத்தவர்களில் 47 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு சிக்கல் வந்தது, போர்ட் வைத்தவர்களில் 32. இவையெல்லாம் நம் ஊர் வார்டின் எண்கள் இல்லையே என்று ஒரு மருத்துவர் என்னிடம் சொன்னார். உண்மைதான், நம் வார்டில் எண்கள் கூடலாம். ஆனால் போர்ட்டுக்கு மட்டுமா கூடும்? கழுவாத கை வென்ஃப்ளானையும்தான் தொடுகிறது.

பிக் லைனே போதும் என்பவர்கள் ஒரு முறை மே மாதம் வானகரத்துக்கு வந்து பார்க்க வேண்டும். மேல்கையில் ஒரு குழாய் வெளியே நிற்க, அதன்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் கட்டு வியர்வையில் இரண்டே நாளில் விளிம்பு தூக்கும். இந்தக் குழந்தைகளின் வியர்வை சாதாரண வியர்வையும் அல்ல. 1948 கோடையில் நியூயார்க்கில் வெயில் தாங்காமல் துவண்டு வந்து சேர்ந்த குழந்தைகளைக் கவனித்ததில்தான், அவர்கள் வியர்வையில் உப்பு அதிகம் என்ற உண்மையை பால் டி சான்ட் அக்னீஸ் என்ற மருத்துவர் பிறகு கண்டறிந்து 1953-ல் வெளியிட்டார். வெயிலே இந்த நோயைக் காட்டிக்கொடுத்தது. எங்கள் பிள்ளைக்கு பிக் லைன் இருந்த நாள்களில் கையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித்தான் குளிக்க வைத்தோம். அந்த ஆண்டு தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல் இல்லை. ஊசி குத்தாத போர்ட்டோடு தலைக்கு எண்ணெய் வைத்து முழுகலாம், நீச்சல்கூட அடிக்கலாம். சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள், பண்டிகையன்று எல்லாப் பிள்ளைகளும் குளித்து வர, தான் மட்டும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தையிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

எனக்கு உண்மையாகவே கோபம் வரவழைப்பது மூன்றாவது வாதம். "இதெல்லாம் ஃபாரின்ல சரி. வீட்டுக்கு நர்ஸ் வருவாங்க. நம்ம ஜனங்களால வீட்டுல வச்சுப் பார்த்துக்க முடியாது."

சேத்துப்பட்டில் என்ன நடந்தது என்பதை இதே ஊர்க்காரர்கள் மறந்துவிட்டார்கள். 1956-ல் அங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நெரிசலான ஏழை வீடுகளில் வாழ்ந்த 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. ஒரு பகுதியினரை சானடோரியத்தில் வைத்தார்கள். மற்றவர்களை வீட்டிலேயே விட்டு மருந்து கொடுத்தார்கள். உணவு போதாது, காற்று போதாது, படிப்பு போதாது, வீட்டில் வைத்துக் காசநோயைக் குணப்படுத்த முடியாது என்பதுதான் அன்றைய உலகத்தின் கருத்து. 1959-ல் வெளியான முடிவு, வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தேறினார்கள் என்று காட்டியது. உலகம் முழுவதும் காசநோய் மருத்துவமே அதனால் மாறியது. அங்கே கொடுத்தது பெரும்பாலும் வாய்வழி மருந்து. போர்ட்டில் ஊசி குத்துவதும் மாத்திரை விழுங்குவதும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. 'நம்ம ஜனங்களால முடியாது' என்ற வாக்கியம் இந்த ஊரில் ஏற்கெனவே ஒருமுறை பரிசோதிக்கப்பட்டுத் தோற்ற வாக்கியம் என்று சொல்கிறேன்.

பழைய கதை வேண்டாம் என்றால் இன்றைய கதை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வயிற்றில் நிரந்தரமாக ஒரு குழாய், தினமும் பல முறை பை மாற்ற வேண்டும், கை சுத்தம் தவறினால் வயிற்றுக்குள் தொற்று. அதைச் செய்பவர்கள் கிராமத்து அம்மாக்களும் மனைவிகளும்தான். முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்குத் தினம் நான்கு முறை இன்சுலின் போடும் தாய்மார்கள் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இருக்கிறார்கள். ஹீமோஃபிலியா குடும்பங்களில் ஃபேக்டர் ஊசியை வீட்டிலேயே போடக் கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். இவர்களால் எல்லாம் முடியும், போர்ட் மட்டும் முடியாது என்றால், சொல்லிக்கொடுக்க யாரும் முன்வரவில்லை என்றுதான் பொருள். என் தங்கை பி.காம். படித்தவள். நெஞ்சுச் சளியைத் தட்டி எடுக்கும் பிசியோதெரபியைத் தினம் இரண்டு வேளை ஆறு ஆண்டுகளாகச் செய்து வருகிறாள். அவளுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சமீபத்தில் நான்காவதாக ஒரு வாதமும் சேர்ந்திருக்கிறது. புது மாத்திரை வந்துவிட்டது, இனி ஊசியே வேண்டாம், பிறகு போர்ட் எதற்கு? 2019 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிரைகாஃப்டா உண்மையிலேயே பெரிய மருந்து. அது கிடைக்கும் நாடுகளில் ஊசிவழி மருந்தின் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே அதன் அறிவிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். நம் அரசின் 2021 அரிய நோய்க் கொள்கை வகுத்து, 2022-ல் உயர்த்திய உதவியின் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இந்த மாத்திரை முதன்மையாகக் குறிவைப்பதும் ஐரோப்பியர்களிடம் மிகப் பரவலாக உள்ளதுமான எஃப்508டெல் என்ற மரபணுப் பிறழ்வு இந்திய நோயாளிகளிடம் அந்த அளவு காணப்படுவதும் இல்லை. எங்கள் பிள்ளையின் இரண்டு பிறழ்வுகளில் ஒன்றுகூட அது இல்லை. வராத மாத்திரைக்காக இருக்கிற நரம்பைச் செலவழிக்கச் சொல்வது என்ன நியாயம்?

சம்பந்தியம்மாவின் கவலையை மட்டும் என்னால் வாதம் என்று சொல்ல முடியவில்லை. "பொம்பளப் புள்ள தம்பி. நெஞ்சுல தழும்பு விழுந்துட்டா நாளைக்கு யாரு கேட்டு வருவா?" அவர்களிடம் நான் குரல் உயர்த்தவில்லை. பேத்தியின் இரண்டு கைகளையும் காட்டினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கறுத்த புள்ளிகள், தடித்துக் கயிறுபோல் கிடக்கும் நரம்பு. தழும்பு ஏற்கெனவே விழுந்துவிட்டது, பார்வைக்கு நேராக. காறை எலும்புக்குக் கீழே இரண்டு விரல்கடை அளவு ஒரு கோடு சுடிதாருக்குள் மறையும். அவர்கள் பதில் பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவும் எனக்கு உரிமை இல்லை.

போர்ட்டின் குறைகளை மறைத்து வாதாடினால் நானும் பொய் சொல்பவனாகிவிடுவேன். குழந்தைக்கு வைக்க மயக்க மருந்து வேண்டும், நுரையீரல் நோயாளிக்கு மயக்க மருந்து சாதாரணமில்லை. கழுத்து நரம்பைத் தேடும்போது நுரையீரலில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு. அல்ட்ராசவுண்ட் பார்த்துக் குத்தினால் அது வெகுவாகக் குறையும், ஆகவே அப்படிச் செய்பவர்களிடம்தான் போக வேண்டும். குழாயைச் சுற்றி ரத்தம் உறையலாம். தொற்று அரிது, ஆனால் வந்தால் கடுமை, போர்ட்டையே எடுக்க வேண்டி வரலாம். பயன்படுத்தாத மாதத்திலும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஹெப்பாரின் கலந்த சலைன் விட்டுக் கழுவுவது வழக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சாலையெல்லாம் தண்ணீர் நின்றதுபோல் ஒரு வாரம் வந்தால் என்ன செய்வது என்று தங்கை கேட்டாள். புற்றுநோயாளிகளில் மூன்று மாத இடைவெளியும் போதுமென்று காட்டிய ஆய்வுகள் உண்டு, ஒரு வாரம் தவறினால் குடி முழுகாது என்று அறுவை மருத்துவர் சொன்னார். பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நள்ளிரவில் ஏதோ ஒரு அவசரப் பிரிவில், போர்ட்டைப் பார்த்திராத ஒருவர் சாதாரண ஊசியால் குத்திவிட்டால் சிலிக்கோன் மூடி கிழிந்துபோகும். சின்ன சிரிஞ்சால் அழுத்தித் தள்ளினால் குழாயே வெடிக்கலாம். ஹ்யூபர் ஊசி இரண்டும் பத்து மில்லி சிரிஞ்சும் எப்போதும் வீட்டுப் பையில் இருக்க வேண்டும். எப்படிக் குத்த வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஒருவரும் உடன் போக வேண்டும்.

எல்லாக் குழந்தைக்கும் போர்ட் வேண்டும் என்பதும் என் கட்சியல்ல. ஆண்டுக்கு ஒரு தவணைதான், நரம்பும் நன்றாக இருக்கிறது என்றால் வேண்டாம். தவணையின் நீளமும் குறையலாம். 2021-ல் வந்த ஆய்வு ஒன்று, முதல் ஒரு வாரத்தில் நன்றாகத் தேறிவிடும் பெரியவர்களுக்கு 14 நாள் தேவையில்லை, 10 நாளே போதும் என்று காட்டியது. ஆனால் ஆண்டுக்கு மூன்று தவணை என்று ஆன பிறகும், ஒரு வென்ஃப்ளானுக்கு மூன்று குத்து என்று ஆன பிறகும், போர்ட் என்ற சொல்லையே எடுக்காமல் இருப்பதை ஏற்க மாட்டேன். நரம்பு முற்றிலும் தீர்ந்த அன்று குழந்தை எந்த நிலையில் இருக்கும் என்று யோசியுங்கள். காய்ச்சல், ஆக்ஸிஜன், நெஞ்சு நிறையச் சளி. மயக்க மருந்து கொடுக்க அதைவிட மோசமான நாள் கிடையாது. தவணை முடிந்து, நெஞ்சு தெளிந்து, எடை ஏறியிருக்கும் நாள்தான் அறுவைக்கு ஏற்ற நாள். 'கடைசியில் பார்க்கலாம்' என்பவர்கள் அந்த நல்ல நாள்களை ஒவ்வொன்றாகக் கைவிடச் சொல்கிறார்கள்.

போன மாதம் அறுவை மருத்துவரைப் பார்க்கக் குடும்பமாகப் போயிருந்தோம். நாங்கள் பெரியவர்கள் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்தோம். அவர் குழந்தையைப் பார்த்து, "உனக்கு ஏதாவது கேட்கணுமா பாப்பா?" என்றார். எந்தப் பக்கம் வைப்பீர்கள் என்று கேட்டாள். வலது பக்கம், அங்கிருந்துதான் குழாய் நேராக இறங்கும் என்றார். பிசியோதெரபியில் தட்டும் இடத்துக்கும் பள்ளிப் பையின் பட்டைக்கும் கொஞ்சம் விலகி வைக்க வேண்டும் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அவள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு பட்டையுள்ள பையை ஒற்றைத் தோளில், அதுவும் வலது தோளில் மாட்டிக்கொண்டு போவதுதான் அவள் பழக்கம்.

"அப்ப பையை இந்தப் பக்கம் மாத்திக்கிறேன்" என்று இடது தோளைத் தொட்டுக் காட்டினாள்.